பிரித்த ஆறு பெட்டிகளும் ரப்பர் தளிரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் ஊரில் நடந்தது இது. சுற்றுவட்டாரத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் விளையில் (தோட்டத்தில்) கூடி, பெட்டிகளைத் திறந்து பார்த்துப் பேசுவது வழக்கம். அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டை வைத்தே இதை எழுதுகிறோம். சம்பந்தப்பட்ட இருவரும் படித்துப் பார்த்து, பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்று சொல்லிச் சம்மதம் கொடுத்தார்கள்.

இந்தப் பக்கத்துக்குத் தேனீப் பெட்டி புதிதல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த 1920-களிலேயே, மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீக்கள் அடை கட்டுவதற்கான மரச் சட்டம் வைத்த பெட்டியில் தேனீ வளர்ப்பதை இங்குள்ள விவசாயிகளுக்குப் பழக்கினார். அதற்குப் பின் இரண்டு மூன்று தலைமுறை இதில் பிழைத்திருக்கிறது. 1991-92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பரவியபோது பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் எங்கள் கூட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். இந்த நிகழ்வின் முக்கியமான முடிவு ஒன்று அவர்களுடைய அந்த அனுபவத்திலிருந்துதான் வந்தது.

இங்கே தேன் வருமானம் பெரும்பாலும் ஒரே வரவை நம்பி நிற்கிறது. டிசம்பர் கடைசியில் ரப்பர் இலை உதிரும்; ஜனவரி கடைசி வாக்கில் தளிர் விடும். தேனீ மதுரம் (தேனாக மாறும் இனிப்பு நீர்) எடுப்பது பூவிலிருந்து அல்ல. தளிரின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்துதான். இலை முற்றினால் சுரப்பு நின்றுவிடும். பிப்ரவரி, மார்ச், மிஞ்சினால் ஏப்ரல் தொடக்கம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் வெளியே போய் மதுரம் கொண்டுவரும் வயதில் எத்தனை தேனீ இருக்கிறதோ அதற்கேற்பத்தான் தேன். ஜூனில் தொடங்கும் பருவமழைக் காலத்தில் சிரட்டையில் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்றிய தேனீக் கூட்டம், அக்டோபரில் தலை தூக்கி, ஜனவரிக்குள் முழு பலத்துக்கு வர வேண்டும்.

பெட்டிக்காரர் ஐம்பதை நெருங்கும் பெண். கணவர் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். மகளிர் குழுக் கடனில் பெட்டி வாங்கி, சில வருடங்களாக இந்தியத் தேனீயை நியூட்டன் பெட்டியில் வளர்க்கிறார். கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. இங்கும் அப்படியே குறிப்பிடுகிறோம். அந்த மழைக்காலம் முடிந்தபோது அக்காவிடம் ஆறு தேனீக் கூட்டங்கள் நல்ல நிலையில் இருந்தன.

நவம்பர்: ஒரே நாளில் ஆறு பிரிப்பு

பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பன்னிரண்டு பெட்டி வைக்க இடம் பேசியிருந்தார் அக்கா. பெட்டிக்கு இவ்வளவு தேன் தோட்டக்காரருக்கு என்பது இங்குள்ள வழக்கமான ஏற்பாடு. கையில் இருந்தது ஆறு. ஆகவே ஆறையும் பிரித்துப் பன்னிரண்டாக்குவது திட்டம்.

நவம்பர் மூன்றாம் வாரத்தில், வெயில் அடித்த ஒரு முற்பகலில், ஆறையும் ஒரே மூச்சில் பிரித்தார். ஒவ்வொரு தாய்ப் பெட்டியிலிருந்தும் முட்டையும் இளம் புழுவும் மூடிய அறைகளும் உள்ள மூன்று சட்டங்களைத் தேனீக்களோடு எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்தார். ராணி தாய்ப் பெட்டியிலேயே இருந்தது. வெளியே போய்ப் பழகிய தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பது தெரிந்தவர் ஆதலால், இன்னொரு சட்டத்திலிருந்து இளந்தேனீக்களைக் கூடுதலாக உதறிவிட்டார். இதுவரை கை சுத்தமான வேலை. ராணி இல்லாத பாதி, இளம் புழுக்களில் சிலவற்றுக்கு ராணி அறை கட்டித் தனக்கு ஒரு ராணியை உண்டாக்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. அதுவும் சரியான எதிர்பார்ப்பே.

புதுப் பெட்டிகள் ஆறும் ஒரே ஆசாரி செய்தவை. ஒரே நீல வண்ணம். தென்னைகளுக்கு இடையில் ஒரு கை எட்டும் இடைவெளியில் நான்கை வரிசையாக வைத்தார். எல்லாவற்றின் வாசலும் கிழக்கு நோக்கி இருந்தது. மீதி இரண்டுக்கு அங்கே இடமில்லாமல், ஒன்றைக் கிணற்றடியிலும் மற்றதைப் பலா மரத்துக்கு அப்பாலும் வைத்தார். இந்த இட விவரத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குறிப்பேட்டில் படம் வரைந்து வைத்திருந்ததால்தான் பிற்பாடு உதவியது.

பிரித்த பத்து நாளில் எல்லாப் பெட்டியிலும் ராணி அறை கண்டதாக அக்கா சொன்னார். டிசம்பர் முதல் வாரத்தில் ஆறிலும் அறையின் நுனி வட்டமாகத் திறந்திருந்தது. ராணி வெளியே வந்ததற்கு அது அடையாளம். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் வேறொரு ராணி அதைக் கொன்றிருக்கும். அதாவது, ஆறு கன்னி ராணிகளும் (இன்னும் ஆண் தேனீயோடு சேராதவை) பிறந்திருந்தன. அதன்பின் இரண்டு வாரம் ஏறக்குறைய தினமும் மதியம் தாண்டினால் மழை.

டிசம்பர் நடுவில் வந்த புகைப்படம்

டிசம்பர் நடுவில் அக்கா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். சட்டத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து எடுத்த தெளிவான படம். கூடவே குரல் பதிவு: “ராணி வந்தாச்சு. ஒரு அறையில ரெண்டு மூணு முட்டை வச்சிருக்கு, பாருங்க.”

கூட்டத்திலேயே வயதில் மூத்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்பினார்: “மக்களே, அது ராணி வச்ச முட்டை இல்ல. முட்டை அடியில நிக்குதா, சுவத்துல ஒட்டிருக்கான்னு பாரு.”

ராணியின் வயிறு நீளம். அறையின் அடிவரை இறக்கி நடுவில் முட்டை வைக்கும். புது ராணி முதல் சில நாள் தடுமாறி ஓர் அறையில் இரண்டு வைப்பதும் உண்டு, ஆனால் அதுவும் அடியில்தான் இருக்கும். ராணியும் புழுவும் இல்லாமல் போன கூட்டத்தில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும்போது, அவற்றின் குட்டை வயிறு அடியை எட்டாது. முட்டைகள் அறையின் பக்கச் சுவரில் சாய்ந்தும் குவிந்தும் கிடக்கும். அவை கருவுறாத முட்டைகள். ஆண் தேனீ மட்டுமே பிறக்கும். இந்தியத் தேனீயில் இது சீக்கிரமாகவே தொடங்கிவிடும். ராணி போய்ச் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அக்கா மறுநாள் காலை பார்த்துவிட்டு ஒரே வரி அனுப்பினார்: “சுவத்துலதான்.” அந்த வார ஞாயிறு அவர் விளையிலேயே கூடுவது என்று முடிவாயிற்று.

பெட்டிக்குப் பெட்டி கண்டது

முதலில் தாய்ப் பெட்டிகளைப் பார்த்தோம். ஆறிலும் ராணி இருந்தது, முட்டையும் இருந்தது. ஆனால் பிரித்ததில் இழந்த பலத்தை முழுதாக மீட்டவை இரண்டுதான்.

பிரித்த பெட்டிகளில் கிணற்றடிப் பெட்டியும் பலா மரத்துப் பெட்டியும் நன்றாக இருந்தன. அறைக்கு ஒரு முட்டை, நடுவில் நேராக. இளம் புழு பாலில் மிதந்தது. கூட்டம் சிறிது, ஆனால் ஒழுங்கு.

வரிசையில் இருந்த நான்கும் வேறு கதை. இரண்டில் முட்டையிடும் வேலைக்காரத் தேனீக்கள். வேலைக்காரத் தேனீ அறைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூடிகள் புடைத்து நின்றன. வாசலில் மகரந்தம் வருவது குறைவு. புகை போட்டதும் வழக்கமான இரைச்சலுக்குப் பதில் இழுத்து இழுத்து ஓர் ஓலம். மூன்றாவது பெட்டியில் ராணியும் இல்லை, முட்டையும் இல்லை. அறைகள் மினுமினுப்பாகச் சுத்தம் செய்யப்பட்டுக் காலியாகக் கிடந்தன. நான்காவதில் கன்னி ராணி ஒன்று இருந்தது. வயிறு மெலிந்து, சட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் முட்டை வைக்கவில்லை.

வெயில் இருந்த அந்தப் பிற்பகலில் தாய்ப் பெட்டிகளின் வாசலில் ஆண் தேனீ போய்வருகிறதா என்றும் பார்த்தோம். மூன்றில் ஓரளவு போய்வந்தன. தாய்ப் பெட்டி ஒன்றின் அடையின் கீழ் ஓரத்தில், நடுவே ஊசித் துளை உள்ள கூம்பு மூடிகள் வரிசையாக இருந்தன. இந்தியத் தேனீயின் ஆண் அறைக்கு அதுதான் முத்திரை. ஆகவே ஆண் தேனீப் பஞ்சத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

தளிரிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு

நான்கு பெட்டியையும் எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. மூத்தவர் அதை வேறு பக்கம் திருப்பினார். தளிர் வர இன்னும் எத்தனை நாள், அதற்குள் என்ன முடியும் என்று கேட்டார். தரையில் ஈர்க்கால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தோம்.

பிரித்த பெட்டி, இளம் புழுவிலிருந்து ராணியை உண்டாக்கினால், ராணி வெளியே வர 11, 12 நாள். உடல் முற்றி, நல்ல பிற்பகலில் பறந்து ஆண் தேனீயோடு சேர்ந்து, முட்டை வைக்கத் தொடங்க இன்னும் 8 முதல் 10 நாள். ஆக, மழை இல்லாவிட்டாலே முதல் முட்டைக்கு மூன்று வாரம். முட்டை வேலைக்காரத் தேனீயாகி வெளிவர ஏறத்தாழ 20 நாள். பிறந்த தேனீ உள்வேலை முடித்து வெளியே மதுரத்துக்குப் போக மேலும் இரண்டு, மூன்று வாரம். மொத்தம் எட்டு, ஒன்பது வாரம்.

நவம்பர் மூன்றாம் வாரத்தில் பிரித்தவை எல்லாம் சரியாக நடந்திருந்தாலே ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் தயாராகும். ஒரு நாள் சறுக்கவும் இடம் இல்லாத கணக்கு அது. இப்போது டிசம்பர் மூன்றாம் வாரம். இன்று நல்ல முட்டைச் சட்டம் கொடுத்து மறுபடி தொடங்கினால், அந்தப் பெட்டி பிப்ரவரி கடைசியில்தான் வெளியே பார்க்கும். அதுவரை அதில் இருக்கும் தேனீக்கள் வயதாகிச் செத்துக்கொண்டே இருக்கும். அடையைத் தின்னும் மெழுகுப்புழுவுக்கு இடம் கொடுத்து, கடைசியில் ஓடிப்போகும்.

அக்காவுக்கு இது உவப்பாக இல்லை. பன்னிரண்டு பெட்டி என்று வாய்விட்டுச் சொல்லியாயிற்று, தோட்டக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் பன்னிரண்டு பெட்டியில் பாதிப் பாதித் தேனீ இருப்பதைவிட, ஆறு பெட்டியில் நிறையத் தேனீ இருந்தால் தேன் அதிகம் என்பதில் அங்கே இருந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. புழுவைக் கவனிக்கவும் கூட்டைக் காக்கவும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குறைந்தபட்சப் படை வேண்டும். அது போக மிஞ்சுவதுதான் ரப்பருக்குப் போகும். சிறு கூட்டத்தில் மிஞ்சுவது சொற்பம்.

கொடுக்க முன்வந்த சட்டம்

கூட்டத்தில் இன்னொருவர், நாற்பது வயதுக்காரர், இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் பெட்டி அதிகம், மனமும் தாராளம். “எங்கிட்ட முட்டைச் சட்டம் நெறைய கிடக்கு. அக்காவுக்கு நாலு தாரேன். வாராவாரம் ஒண்ணு வச்சா வேலைக்காரத் தேனீ முட்டை வைக்கிறது தானா நிக்கும்” என்றார். முறை தவறானதல்ல. திறந்த புழுவின் வாசனை வேலைக்காரத் தேனீயின் முட்டையிடுதலை அடக்கும். தொடர்ந்து கொடுத்தால் பல கூட்டங்கள் வழிக்கு வரும். கால அவகாசம்தான் இல்லை. இருந்தாலும் ராணியில்லாத மூன்றாவது பெட்டிக்காவது ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள்.

எங்கள் கூட்டத்தில் புழுச் சட்டம் கைமாறும் முன் கொடுப்பவரின் விளையைப் பார்க்க வேண்டும் என்று எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் யாரும் கடைப்பிடிப்பதில்லை. மூத்தவர் பிடிவாதமாக நின்றதால் அன்று மாலையே நான்கைந்து பேர் சட்டம் தர முன்வந்தவரின் விளைக்குப் போனோம்.

முதல் சில பெட்டிகளில் குறையே இல்லை. வேலியோரம் இருந்த ஒரு பெட்டியில் மூடிய புழு அடை திட்டுத் திட்டாக இருந்தது. சில மூடிகளில் ஓட்டை, சில அறைகள் மூடாமலேயே கிடந்தன. மூடாத ஓர் அறையில் புழு முதுகைக் கிடத்தி, தலையை வாசலுக்குத் தூக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வயதில் வெள்ளையாகப் பளபளக்க வேண்டிய உடல் மஞ்சளாக மங்கியிருந்தது. மூத்தவர் ஈர்க்கு நுனியால் அதன் தலைப்பக்கத்தை மெதுவாகக் கொத்தித் தூக்கினார். புழு உடையாமல் முழுதாக எழும்பியது. தோல் தடித்து, உள்ளே தண்ணீர் நிரம்பிய சிறு பையாகத் தொங்கி, அடிப்பக்கம் கனத்து ஆடியது. பக்கத்து அறையில் ஒன்று ஏற்கெனவே காய்ந்து, இரு முனையும் மேலே வளைந்து கறுத்திருந்தது. விரலால் தட்டியதும் விழுந்தது. நாற்றம் இல்லை.

சாக்புரூட்தான். அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

“ஒத்தப் பெட்டிலதானே? நான் தர்றது மத்த பெட்டிலேர்ந்து” என்றார் அவர். இதற்குத்தான் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. நோய்ப்பட்ட புழுவைச் சுத்தம் செய்து அகற்றும் இளந்தேனீயின் உடலில் வைரஸ் ஏறும். அந்தத் தேனீ வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். அதே தேனீ புழுவுக்கு ஊட்டும்போது நோயும் போகும். திருட்டுத் தேன் எடுக்கும் தேனீயும், வழிதவறிப் பக்கத்துப் பெட்டிக்குப் போகும் தேனீயும், நம் கையும் சட்டமும் சேர்ந்து அதை விளை முழுக்கக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. ஆகவே அறிகுறி தெரியாத பெட்டியைச் சுத்தமான பெட்டி என்று சொல்ல முடியாது. 1991-92இல் நோய் ஊர் ஊராகப் போனதற்கு ஆட்கள் தேனீக் கூட்டத்தை வாங்கி விற்றதும் ஒரு வழி என்பது மூத்தவரின் அழுத்தமான கருத்து. அன்று அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

அந்த விளையிலிருந்து எந்தச் சட்டமும் வெளியே போகக் கூடாது என்று முடிவாயிற்று. கொடுக்க வந்தவருக்கு மனவருத்தம். உதவி செய்யப் போய்த் தன் விளைக்குக் கெட்ட பெயர் வந்ததாக நினைத்தார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை.

எடுத்த முடிவுகள்

நான்கு பெட்டிகளையும் தாய்ப் பெட்டிகளோடு சேர்ப்பது என்று அக்கா ஒப்புக்கொண்டார். எதை எப்படிச் சேர்ப்பது என்பதில் ஒவ்வொன்றுக்கும் வேறு முறை தேவைப்பட்டது.

கன்னி ராணி இருந்த பெட்டியில் இன்னும் சில நாள் காத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வயதான கன்னி ராணி பிறகு சேர்ந்தாலும் நிறைவாகச் சேராது, ஆண் முட்டை மட்டும் வைக்கும் ராணியாக முடியும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதை நீக்கிவிட்டோம். அந்தப் பெட்டிக்கும் ராணியே இல்லாத பெட்டிக்கும் செய்தித்தாள் முறை. பிரித்த பெட்டியைத் தினமும் மாலை ஓரிரு அடியாகத் தாய்ப் பெட்டிப் பக்கம் நகர்த்தி, ஒட்டி வந்ததும், அந்தி நேரத்தில் தாய்ப் பெட்டியின் மூடியை எடுத்து, முள்ளால் குத்திய ஒரு தாளை விரித்து, அதன்மேல் ராணியில்லாத பெட்டியை வைத்து மூடினோம். தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் இரண்டின் வாசனையும் கலந்துவிடும்.

முட்டையிடும் வேலைக்காரத் தேனீ உள்ள இரண்டு பெட்டிகளில்தான் விவாதம். அவை ராணியை ஏற்காமல் சூழ்ந்துகொண்டு கொல்லும் என்பது பட்டறிவு. ஒன்றைத் தாள் முறையிலேயே பலமான தாய்ப் பெட்டியோடு சேர்ப்பது, ஆனால் தாய் ராணியை ராணிக் கூண்டில் அடைத்துச் சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிட்டு, தேனீக்கள் கூண்டைக் கடிக்காமல் ஊட்டத் தொடங்கிய பிறகே திறப்பது என்று முடிவு. மற்றதை, பழைய வழக்கப்படி, வெயில் நேரத்தில் தூரத்தில் கொண்டுபோய்த் துணியில் உதறிவிடுவது. தேனீக்கள் பக்கத்துப் பெட்டிகளில் புகுந்துகொள்ளட்டும் என்பது. முட்டையிடும் தேனீ பறக்காது, உதறிய இடத்திலேயே கிடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை நாங்கள் நம்பவில்லை. சிதறிப் போவதால் எந்த ஒரு பெட்டியிலும் அவற்றின் எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்பதே உதறிவிட நினைத்ததற்குக் காரணம்.

ஆண் புழு நிறைந்த அடைகளைக் கத்தியால் அறுத்து எடுத்தாயிற்று. மெழுகு மிச்சம்.

கிணற்றடி, பலா மரத்துப் பெட்டிகளுக்கு வலுவான பெட்டியிலிருந்து மூடிய புழுச் சட்டம் கொடுத்துச் சமன் செய்யலாம் என்ற யோசனையை அக்காவே மறுத்தார். அவை இந்தப் பருவத்துக்குத் தேன் கொடுக்க வேண்டாம், ராணிக்காக இருக்கட்டும் என்றார். அன்றைய நாளின் மிகச் சரியான முடிவு அதுதான் என்பது இதை எழுதுபவரின் எண்ணம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

தாள் வைத்துச் சேர்த்த மூன்றும் சண்டையில்லாமல் சேர்ந்தன. வாசல் பலகையில் தாள் துணுக்குகள் கிடப்பதைப் பார்த்துத்தான் உள்ளே திறந்தோம். கூண்டில் இருந்த ராணியை மூன்றாம் நாள் விட்டோம்; பிழைத்தது, முட்டை வைத்தது. உதறிவிட்ட பெட்டிதான் மோசம். பக்கத்துப் பெட்டிகளின் வாசலில் கட்டிப்புரண்டு, மறுநாள் காலை பெட்டிக் கால்களுக்கு அடியில் உள்ள எறும்புத் தடுப்புக் கிண்ணங்களைச் சுற்றிச் செத்த தேனீ குவிந்திருந்தது. எத்தனை புகுந்தது, எத்தனை செத்தது என்று சொல்ல வழியில்லை. நெருக்கமாகப் பெட்டி வைத்திருக்கும் இடத்தில் இந்த முறையை இனி யாருக்கும் சொல்வதில்லை.

தோட்டக்காரரிடம் அக்கா நேரில் போய் ஆறு பெட்டிதான் என்றார். அவர் மீதி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார். அடுத்த வருடம் அந்த இடம் திரும்பக் கிடைக்குமா என்பது பேசித்தான் ஆக வேண்டும். இந்த இழப்பைச் சிறியது என்று சொல்ல முடியாது.

ஜனவரி கடைசியில் தளிர் வந்தது. ராணியில்லாப் பெட்டியின் தேனீக்களைச் சேர்த்துக்கொண்ட தாய்ப் பெட்டிகளுக்கு முதல் வாரத்திலேயே இரண்டாவது தேன் அடுக்கு வைக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று பிப்ரவரியில் அடையின் கீழ் ஓரத்தில் ராணி அறைகள் கட்டிக் கூட்டம் பிரியத் தயாரானது. அறைகளை நீக்கி, நெரிசலைக் குறைக்க மூடிய சட்டம் ஒன்றை எடுத்துப் பலா மரத்துப் பெட்டிக்குக் கொடுத்ததில் அடங்கியது. சேர்ப்பு இல்லாத தாய்ப் பெட்டிகள் ஓர் அடுக்கோடு நின்றன. பருவ முடிவில் அக்காவின் மொத்தத் தேன் முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. பன்னிரண்டாகவே வைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. கடன் தவணை தவறவில்லை என்று மட்டும் அவர் சொன்னார். சிறு பெட்டிகள் இரண்டும் ஏப்ரலில் கீழறை நிறையச் சட்டம் கட்டி நின்றன.

சட்டம் கொடுக்க முன்வந்தவர் நோய்ப்பெட்டியைத் தனியே தூரத்தில் கொண்டுபோய் வைத்து, புழு இல்லாத இடைவெளி உண்டாகும் வரை ராணியைக் கூண்டில் அடைத்து, நோய்ப்பட்ட அடைகளை அறுத்து எரித்தார். அந்தப் பெட்டிக்கென்று தனிக் கத்தி, தனிப் புகைப்பான். பிப்ரவரியில் வந்த புழுவில் அறிகுறி இல்லை. மார்ச் கூட்டத்துக்குத் திரும்பி வந்தவர் இதையெல்லாம் தானே விவரித்தார். அதைக் கேட்ட பிறகு வேறொருவர் தன் விளையிலும் அதுபோல் இரண்டு புழு கண்டதாகச் சொன்னார். அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர் அவர்.

நான்கு ஏன் தவறின

அந்த நாட்களில் எல்லோரும் மழையைத்தான் சொன்னார்கள். பிற்பகலில் பறக்க வேண்டிய ராணிக்கு இரண்டு வாரம் பிற்பகலே இல்லை. நான்காவது பெட்டியின் கன்னி ராணிக்கு இந்த விளக்கம் பொருந்தும்.

ஆனால் மழை ஆறு பெட்டிக்கும் ஒரே மாதிரி பெய்தது. பிழைத்த இரண்டும் தனியே, அடையாளம் சொல்லத்தக்க இடத்தில் இருந்தவை: ஒன்றுக்குக் கிணறு, மற்றதற்குப் பலா. வரிசையில் இருந்த நான்கில் மூன்றில் ராணியே காணாமல் போயிருந்தது. ஒரே வண்ணம், ஒரே திசை, ஒரு கை இடைவெளி. மழை விட்ட இடைவெளியில் அவசரமாகப் பறந்து திரும்பும் ராணி அடுத்த பெட்டிக்குள் நுழைந்தால் அங்குள்ள தேனீக்கள் அதைக் கொன்றுவிடும். வெளியே குருவியும் தும்பியும் பிடித்தவையும் இருக்கலாம். ஆறு பெட்டியை மட்டும் வைத்து இதை நிரூபித்ததாகச் சொல்லக் கூடாது. இருந்தாலும் குறிப்பேட்டின் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, மழைதான் முழுக் காரணம் என்று எங்களில் யாரும் சொல்வதில்லை.

இனி மாற்றுவது

பிரிக்கும் தேதியைத் தளிரிலிருந்து பின்னோக்கி எண்ணி வைப்பது. நவம்பர் முதல் வாரத்தோடு பிரிப்பு முடிய வேண்டும். அதற்குப் பிறகு பிரித்தால், பிரித்த பாதிக்கு வெறும் முட்டைச் சட்டம் போதாது. நுனி மெழுகு நீங்கிப் பழுப்பு நிறம் தெரியும் முற்றிய ராணி அறையை ஒட்டிக் கொடுத்தால் பத்து நாள் மிச்சமாகும். அந்த அறையும் சாதுவான, நோய் காணாத, போன வருடம் நிறையத் தேன் கொடுத்த பெட்டியிலிருந்து வர வேண்டும். ஆண் அறைகளில் துளை மூடியைக் கண்ட பிறகே ராணி வளர்ப்பைத் தொடங்குவது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரிக்காமல் இரண்டிரண்டாக, ஒரு வார இடைவெளியில் பிரித்தால், ஒரு மழை எல்லாவற்றையும் கொண்டுபோகாது.

புதுப் பெட்டிகளின் முகப்பில் வெவ்வேறு வண்ணம், வாசல் வெவ்வேறு திசை. அக்கா இதை உடனே செய்துவிட்டார். பழைய சேலைத் துண்டுகளை வாசலுக்கு மேல் ஆணியடித்திருக்கிறார். வண்ணப்பூச்சைவிட அது நன்றாகத் தெரிகிறது. ராணி பிறந்த நாளிலிருந்து இரண்டு வாரம் பிரித்த பெட்டியைத் திறக்காமல், வாசலில் மகரந்தம் வருவதை மட்டும் பார்த்தால் போதும். அதற்குப் பிறகு திறந்து முட்டை இல்லையென்றால், மேலும் ஒரு வாரத்துக்குள் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடுவது.

புழுச் சட்டம் கைமாறுவது பற்றிய வழக்கம் இப்போது குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது: கொடுப்பவரின் விளையில் எல்லாப் பெட்டியையும் இருவர் பார்த்த பிறகே சட்டம் வெளியேறும், ஒரு பெட்டியில் அறிகுறி இருந்தாலும் அந்தப் பருவம் முழுக்க எதுவும் வெளியேறாது. வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவர் அன்று சட்டம் கொடுக்க முன்வந்தவரே. நோய் கண்டதைச் சொல்பவரின் பெயரைக் கூட்டத்துக்கு வெளியே சொல்லக் கூடாது என்ற வரியையும் அவர்தான் சேர்க்கச் சொன்னார்.

வரும் பருவத்துக்கு அக்கா எட்டிலிருந்து பத்தாகத்தான் உயர்த்தப் போகிறார். பலா மரத்துப் பெட்டியின் ராணி வழியில் அறை எடுத்து, அக்டோபர் கடைசியில் இரண்டு மட்டும் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தோட்டக்காரரிடம் இன்னும் எண்ணிக்கை பேசவில்லை. டிசம்பரில் முட்டையைப் பார்த்த பிறகு பேசுவாராம்.